அந்தத் துண்டைக் கெடுத்தது நான்

தம்பி,

நீ இப்போது எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இதை மடித்து நம்பிக்கையான ஒரு ஆள் கையில் கொடுத்து அனுப்பியிருப்பேன். உன் குரல் கேட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. அதனால்தான் இதை ஊரறிய எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பக்கம் போய்விட்ட உன் சித்தி மகளிடம் இது போய்ச் சேரும். அவள் அச்சில் போட ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். யாராவது படம் எடுத்து யாருக்காவது அனுப்பி, கைமாறிக் கைமாறி உன்னிடம் வரட்டும். உன் பெயரை எழுதவில்லை, என் பெயரும் இதில் இருக்காது. மற்றவர்கள் பெயரை மாற்றியிருக்கிறேன், ஆனால் யார் யார் என்று உனக்கு உடனே தெரியும். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, மெதுவாகவே படி. வழியில் எந்தப் பர்மியச் சிப்பாய் உன் போனைப் பிடுங்கிப் பார்த்தாலும் அவனுக்கு இது ஒன்றும் விளங்காது.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் போகப் போக எனக்குத் தைரியம் குறைந்துவிடும். நீ நம் வீட்டில் உட்கார்ந்து தேய்த்துப் பொருத்திய அந்தத் துப்பாக்கியில் உன் கை எந்தத் தப்பும் செய்யவில்லை. அது வெடிக்காமல் போனதற்கு நான் காரணம். நீ பொருத்தி முடித்த பிறகு, உனக்குத் தெரியாமல், அதில் ஒரு துண்டை எடுத்து நான் அரத்தால் கெடுத்தேன். இதற்கு மேல் படிக்க உனக்கு மனம் வராவிட்டால் இங்கேயே நிறுத்திக்கொள். ஆனால் கண்ணிவெடி தோண்டி எடுக்கிற அந்த வேலையை இன்றைக்கே விட்டுவிடு. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நம் கடை எவ்வளவு சின்னது என்று உனக்கு நினைவிருக்கும். பசுந்தாங் பேட்டையில் நம் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்கத்தான் முடியும். பூட்டு, சாவி, தையல் மெஷின். பலகையில் அப்பா பெயர் மட்டும்தான் இருந்தது. சாவியை அப்பா வெட்டுவார். வெட்டிய சாவியைக் கடைசியாகத் தேய்த்துப் பூட்டுக்குள் சத்தமில்லாமல் திரும்ப வைப்பது நான். என் கைதான் நுணுக்கம் என்று அவரே சொல்வார், ஆனால் வாடிக்கைக்காரர்களிடம் சொல்ல மாட்டார். பொம்பளை தேய்த்த சாவி என்றால் வாங்க மாட்டார்கள் என்று அவருக்குப் பயம். எனக்கும் அதில் வருத்தம் இருந்ததில்லை. நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் மாடியில் சமையல் செய்துகொண்டிருப்பேன். அதனால் அரம் பிடிக்கிறவர் அப்பா என்றே உன் மனதில் பதிந்துவிட்டது. உன் துப்பாக்கியைக் கெடுக்க இந்த வீட்டில் ஆள் உண்டு என்று உனக்குத் தோன்றாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

அப்பாவிடம் ஒரு குணம் உண்டு. தான் கொடுத்த சாவி சரியில்லையோ என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவார். ஒருமுறை தாமுவே வரைக்கும் மழையில் நடந்தே போனார். அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "சாவியக் கொடுங்க, அதுல ஒரு தப்பு இருக்கு, நாளைக்குப் பூட்டு மாட்டிக்கும்" என்று சொல்லி வாங்கிவந்தார். அந்த வீட்டுக்காரருக்குத் தப்பு இருப்பதே தெரியாது. நான்தான் அவரைத் திட்டினேன், தெரியாதவரைக்கும் விட்டுவிட வேண்டியதுதானே என்று. அப்போதிலிருந்தே அவர் வேறு மாதிரி, நான் வேறு மாதிரி.

அவர் இறந்த மழைக்காலத்தைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேசியதே இல்லை. ஊரெல்லாம் நோயில் மூச்சுக்குத் தவித்தது. நீ காலையில் ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கப் போனாய். மத்தியானம் ராணுவ லாரி வந்து, வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று எல்லோரையும் விரட்டிவிட்டது. நீ திரும்பி வந்தபோது அப்பா போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நான்கு மாடி ஏறி வந்து என் முகத்தைப் பார்த்தாய். பிறகு அந்தக் காலி சிலிண்டரை அவர் தூக்கம் கலைந்துவிடுமோ என்பதுபோல ஓசைப்படாமல் தரையில் வைத்தாய். அன்றைக்கு உனக்குப் பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு நீ சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. உனக்குள் என்ன வளர்கிறது என்று அப்போதே உட்காரவைத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்கவில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. அடுத்த வருஷம், கப்பல் வேலைக்கு நீ எழுதிப் போட்டிருந்தாய் அல்லவா, பதிலே வரவில்லை என்று நினைத்தாய். பதில் வந்தது. உன் போன் ரிப்பேரில் இருந்ததால் என் எண்ணைக் கொடுத்திருந்தாய். ஒரு பெண் கூப்பிட்டு, சான்றிதழோடு மூன்று நாளில் வரச் சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவனுக்கு இப்ப அதுல இஷ்டம் இல்லம்மா" என்றேன். அப்பா இல்லாத வீட்டில் நீயும் இல்லாமல் இருக்க என்னால் முடியாது என்று நினைத்தேன். அன்று நீ போயிருந்தால் ஏதாவது ஒரு கடலில் பத்திரமாக இருந்திருப்பாய். அதற்குப் பிறகு ராணுவத்துக்கு ஆள் பிடிக்கிற சட்டம் வந்தது, உன் வயதுப் பையன்கள் ஊரை விட்டுப் போகிற வழியெல்லாம் அடைபட்டது. உன்னைக் கேட்காமல் உனக்காக நான் முடிவு செய்தது அதுதான் முதல் தடவை. அது யாருக்கும் தெரியாமல் போனதால் அடுத்த தடவை எனக்குச் சுலபமாகிவிட்டது. உனக்கு ஒருநாள் பிள்ளை பிறக்கும். அதற்காக உயிரைக் கொடு, ஆனால் அதற்குத் தெரியாமல் அதன் வாழ்க்கையில் கைவைக்காதே. எவ்வளவு பயமாக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்.

போன வருஷம் வெயில் காலத்தில் நீயும் தீஹாவும் பின்னறையில் உட்கார ஆரம்பித்தீர்கள். தீஹாவை நான் பெறவில்லை, அவ்வளவுதான். தெருமுனையில் குன்யா வெற்றிலை மடித்து விற்கிற அந்த அம்மா, டோ மியாவின் ஒரே மகன். ஐந்தாம் வகுப்பிலிருந்து வாரத்தில் பாதி நாள் நம் வீட்டில்தான் சாப்பாடு. அவனுக்குத் தெரிந்த தமிழ் மொத்தமும் நம் சமையலறையில் கற்றதுதான். "அம்மா, சோறு." "அம்மா, இன்னும் கொஞ்சம்." "போயிட்டு வர்றேன்." அவ்வளவும் பர்மிய ராகத்தில் சொல்வான். கேட்க எனக்குச் சிரிப்பு வரும்.

கீழே எல்லாக் கடைக்காரர்களும் ஜெனரேட்டர் போடுகிற நேரம் பார்த்து நீ தேய்ப்பாய். அந்த இரைச்சலில் அரத்தின் சத்தம் யாருக்கும் கேட்காது என்று நினைத்தாய். மற்றவர்களுக்குக் கேட்காது. இருபது வருஷம் அந்தச் சத்தத்திலேயே இருந்தவளுக்குக் கேட்கும். அரம் போகும்போதும் வரும்போதும் ஒரே அழுத்தம். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் அடுப்படியிலிருந்து வாய் தவறி வந்துவிட்டது.

"தம்பி, வரும்போது அரத்த லேசாத் தூக்கு. போகும்போது மட்டும் அழுத்து."

சத்தம் நின்றது. "என்னம்மா?"

"என்ன தேய்க்கிறியோ, எனக்குத் தெரியல. இப்படித் தேய்ச்சா முனை உருண்டு போயிடும்."

"பூட்டும்மா. தீஹா வீட்டுப் பூட்டு."

"பூட்டுன்னா விளக்குக் கரிய மெல்லிசாப் பூசிப் பொருத்திப் பாரு. கரி அழிஞ்ச இடத்துல மட்டும் தேய். அவசரப்படாத."

"யாதே," என்றாய் பர்மியில், சரி என்று. அதற்குப் பிறகு சத்தம் சீரானது. தீஹா உள்ளேயிருந்து, "அம்மாதான் எங்களுக்கு மாஸ்டர்" என்று பர்மியில் கத்தினான்.

டோ மியா வீட்டுக் கதவில் என்ன பூட்டு தொங்குகிறது என்று எனக்குத் தெரியாதா? அதை விற்றதே நம் கடைதான். மறுநாள் நீ குளிக்கப் போனபோது அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த துணிச் சுருளை விரித்துப் பார்த்தேன். ஒன்று அலோன் படகுத்துறையில் இன்ஜின் ரிப்பேர் செய்கிற யாரோ வெட்டிக் கொடுத்த இரும்பு. ஒன்று பிளாஸ்டிக்கில் அச்சடித்தது. ஒன்று எதிலிருந்தோ கழற்றிய பழைய சாமான். ஒன்றை ஒன்று தெரியாத ஊர்க்காரர்கள்போலக் கிடந்தன. அவற்றைச் சேர்த்து ஒன்றாக்குவதற்குத்தான் நீ நாள் கணக்காக உட்கார்ந்திருக்கிறாய். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விளிம்பு கத்திபோல நேராக இருந்தது. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்: எனக்குப் பயம் வருவதற்கு முன்னால் பெருமை வந்தது. என் கை உனக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அது துப்பாக்கி என்று என் புத்தியில் உறைத்தது; அவசரமாகச் சுருட்டி வைத்தேன்.

அப்போதாவது உன்னிடம் கேட்டிருக்கலாம். "இதை வைத்து என்ன செய்யப்போகிறாய்?" ஒரே கேள்வி. நான் கேட்கவில்லை. அதற்குப் பதில் உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன், கோயிலுக்குப் போனேன், உன் சட்டைக்குப் பட்டன் தைத்தேன். நீ தூங்கும்போது உன் கையைப் பார்ப்பேன். விரலிடுக்கில் கரி. இந்தக் கை யாரைச் சுடும் என்று நினைப்பேன். சுடப்படுகிறவனுக்கும் எங்கோ ஒரு அம்மா இருப்பாளே என்றும் நினைப்பேன். ஆனால் உண்மையைச் சொன்னால் அந்த அம்மாவுக்காக நான் எதுவும் செய்யவில்லை. உன்னிடம் அது இருந்தால் உன்னைக் கொன்றுவிடுவார்கள். அந்த ஒரு பயம்தான் எனக்கு. அது வேலை செய்யாவிட்டால் நீ நொந்துபோய் ஒரு மாதத்தில் கைவிட்டுவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். ஊருக்குள் வெடித்துப் பார்க்க உனக்கு வழி கிடையாது. அதனால் கெட்டிருப்பது சீக்கிரம் தெரியவராது என்றும் எனக்குத் தெரியும்.

அன்று காலை பத்து மணி இருக்கும். மாடிக்குத் தண்ணீர் ஏறாததால் கீழேயிருந்து வாளியில் எடுத்துவரப் போனாய். நான்கு மாடி, இரண்டு தடவை ஏறி இறங்க வேண்டும். அவ்வளவு நேரம் எனக்குப் போதும். அப்பாவின் சின்ன அரத்தை எடுத்தேன். எந்தத் துண்டு, எந்த இடம் என்று இதில் எழுத மாட்டேன். மூன்றே மூன்று இழுப்பு. புதிதாகப் பளபளத்த இடத்தில் விளக்குக் கரியைத் தடவி, பழையபடி துணியில் சுற்றி வைத்தேன். என் கை, தம்பி, சாவி தேய்ப்பதுபோல அவ்வளவு நிதானமாக இருந்தது. நீ இரண்டாவது வாளியோடு மூச்சிரைக்க வந்து, "ஏம்மா முகம் வேர்த்திருக்கு?" என்று கேட்டாய். அடுப்புச் சூடு என்றேன்.

அது உன்னிடமே இருக்கும் என்று நினைத்தேன். அன்றைக்கே நீ அதைத் தீஹாவுக்குக் கொடுப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? மத்தியானம் அவன் வந்தபோதுதான் விஷயம் என் காதில் விழுந்தது. ஆள் பிடிக்கிற பட்டியலில் அவன் பெயர் வந்துவிட்டது. தாமுவேயில் ஒரு வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு ஊரை விட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. நீ பின்னறையில் அவனிடம் பேசுவது எனக்குக் கேட்டது.

"நீ வச்சுக்கோ. எனக்கு வேற செஞ்சுக்கறேன்."

"உனக்குன்னு செஞ்சதுடா."

"வழியில உனக்குத்தான் வேணும். எடுத்துக்கிட்டுப் போ."

நான் இரண்டு பேருக்கும் சோறு போட்டேன். அவன் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நீ அவன் பைக்கு ஏதோ எடுக்க உள்ளே போனாய். அவன் மட்டும் வாசலுக்கு வந்தான். சட்டைக்குக் கீழே இடுப்பில் அது துருத்திக்கொண்டு தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, எப்போதும்போல அந்த ராகத்தில், "அம்மா, போயிட்டு வர்றேன்" என்றான். என் வாயில் வார்த்தை வந்துவிட்டது. "அதை நம்பாதே, தீஹா. அது வெடிக்காது." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பான். நீ வெளியே வருவாய். என்னைப் பார்ப்பாய். அந்தப் பார்வைக்கு நான் பயந்தேன். நீ பையோடு வந்து அவனுடன் படி இறங்கினாய். நான்கு மாடியும் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டது. மேலேயிருந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் நின்றிருப்பான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே சத்தம் நிற்கும்வரை நின்றேன். பிறகு தட்டுகளைக் கழுவினேன்.

அரத்தால் தேய்த்ததைக்கூடப் பயத்தில் செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். கதவருகே நின்றதற்கு எனக்கு எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை. என் மகன் என்னை வெறுக்கக் கூடாது என்பதற்காக இன்னொருத்தி மகனைப் பேசாமல் அனுப்பினேன்.

அடுத்த நாள் நடந்ததை உனக்குச் சொன்னது அதை நேரில் பார்த்த ஒரு டீக்கடைப் பையன். தாமுவே மார்க்கெட் சந்தில் ஒரு வேன் வந்து நின்றது, சாதாரண உடையில் நான்கு பேர் இறங்கினார்கள். தீஹா அதை எடுத்து நீட்டி விசையை இழுத்தான். டிக் என்று ஒரு சத்தம். மறுபடி இழுத்தான். மறுபடியும் டிக். பிறகு அதை ஒருமுறை பார்த்தானாம். அதற்குள் அவனைக் கீழே தள்ளி வேனில் ஏற்றிவிட்டார்கள். அது வெடித்திருந்தால் அந்த நான்கு பேரில் ஒருவன் செத்திருப்பான், தீஹாவையும் அங்கேயே சுட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். இருக்கலாம். ஓடித் தப்பியும் இருக்கலாம். வெடிக்காது என்று தெரிந்திருந்தால் அந்தச் சந்தில் கையை நீட்டியிருக்கவே மாட்டான். என்ன செய்வது என்று முடிவு செய்கிற உரிமை அவனுடையது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நீ முதன்முறையாக என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாய். தரையில் உட்கார்ந்து உன் இரண்டு கையையும் விரித்து என்னிடம் காட்டினாய். "அம்மா, நீ சொன்னபடிதான் தேய்ச்சேன். கரி பூசிப் பூசிப் பார்த்தேன். எங்கம்மா தப்பு பண்ணேன்?" என்று கேட்டாய். சின்ன வயதில் கணக்கு வராமல் அழுவாயே, அதே முகம். அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "விடு தம்பி, இரும்பு சில நேரம் அப்படித்தான்" என்றேன். அதை நீ நம்பவில்லை. ஆறாவது நாள் போய்விட்டாய்.

மூன்றாவது வாரம் அவனைப் பிடித்துப் போனவர்கள் அனுப்பிய ஒரு ஆள் வந்து, உங்கள் மகன் உடம்பு சரியில்லாமல் இறந்துவிட்டான், அடக்கமும் முடிந்துவிட்டது என்று டோ மியாவிடம் சொல்லிவிட்டுப் போனான். உடம்பைக் காட்டவில்லை. அவர் நான்கு நாள் கடை திறக்கவில்லை. ஐந்தாம் நாள் திறந்தார். தினமும் நான் அந்த வழியாகத்தான் போக வேண்டும். தினமும் அவர், "உன் பையன்கிட்டேர்ந்து ஏதாவது செய்தி வந்துச்சா?" என்று கேட்பார். தன் பிள்ளையைப் பறிகொடுத்தவர் என் பிள்ளையை விசாரிப்பார். இல்லை என்று சொல்லிவிட்டு வேகமாக நடப்பேன். பிறகு சுற்றுவழியில் போக ஆரம்பித்தேன்.

போன வாரம் ஒரு பெண் நம் வீட்டுக்கு வந்தாள். நீ போய்ச் சேர்ந்த போராளிகள் பக்கத்திலிருந்து தன் காலுக்கு வைத்தியம் பார்க்க வந்தவள். உன்னோடு இருந்தவளாம். நீ உயிரோடு இருக்கிறாய் என்று கேட்டதும் அவள் கையைப் பிடித்து முத்தமிட்டேன். அவள் முகம் மாறவில்லை. மெதுவாகச் சொன்னாள், "அவர் கண்ணிவெடி எடுக்கிற வேலையத் தானாக் கேட்டு வாங்கிக்கிட்டார், ஆன்ட்டி. மத்தவங்க முறை வந்தாலும் இவரே முன்னாடி போறார். ஏன்னு கேட்டா, 'என் கை ஒருத்தனக் கொன்னுடுச்சு, அந்தக் கை போனாப் போகட்டும்'னு சொல்றார். நாங்க சொல்லிக் கேக்கல. நீங்க சொல்லுங்க." அவள் திரும்பி எப்போது போவாள் என்று கேட்டேன். இனி போகப்போவதில்லை என்றாள். நீ இப்போது இருக்கிற இடமும் அவளுக்குத் தெரியவில்லை. அங்கே ஆட்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லையாம்.

நேற்றுக் காலை டோ மியா வீட்டுக்குப் போனேன். உனக்குச் சொல்வதற்கு முன்னால் அவரிடம் சொல்லாவிட்டால் இதுவும் இன்னொரு மறைப்பாகிவிடும் என்று தோன்றியது. அவர் வெற்றிலையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். பூட்டு என்று நீ சொன்னது, நான் கரி பூசச் சொன்னது, மூன்று இழுப்பு, வாசல், செருப்புச் சத்தம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெற்றிலையை அலசுவதை நிறுத்தவில்லை. அலசிய வெற்றிலையையே திரும்பத் திரும்ப அலசினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னிக்கு உன் வீட்டுல சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

"என்ன?"

"பருப்பு, கருவாடு, வெள்ளரிக்காய். மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டான்."

அப்போதுதான் அவர் அழுதார். நான் பக்கத்தில் போனேன். கையை நீட்டித் தடுத்தார். "தொடாத," என்றார். "உன்ன நான் மன்னிக்க மாட்டேன். இந்தப் பிறவியில மன்னிக்க மாட்டேன். கேட்டுக்கோ."

"கேட்டுக்கறேன்."

"உன் மகனுக்கு இது தெரியுமா?"

"தெரியாது." அந்தப் பெண் சொன்னதையும் சொன்னேன், கண்ணிவெடியையும் சொன்னேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வீட்டு முன்னால் இருக்கிற கடைத் தட்டியை இழுத்து மூடினார். "எழுது," என்றார். "நாளைக்குக் காலையில இங்க வந்து, என் முன்னால உக்காந்து எழுது. உன் வீட்டுல உக்காந்து எழுதினா பாதிய விட்டுடுவ."

அவர் சொன்னது சரி. விட்டிருப்பேன். இப்போது அவர் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தது, இப்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எதிரில் அவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும், எழுதியதைப் பர்மியில் சொல்லச் சொல்கிறார். சொல்கிறேன். வாசல் கதை வந்தபோது, "செருப்புச் சத்தத்த எழுதினியா?" என்று கேட்டார். எழுதினேன் என்றேன். "எத்தனை மாடின்னு எழுதினியா?" அதையும் எழுதினேன் என்றேன். நான் நிறுத்தும்போது காத்திருக்கிறார். தண்ணீர் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, தம்பி. நீ திரும்பி வந்து என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி. எங்கேயாவது இரு, என்னைத் திட்டிக்கொண்டே இரு, யாரிடமாவது என் அம்மா இப்படிப்பட்டவள் என்று சொல்லு, ஆனால் இரு. உன் கை எவரையும் கொல்லவில்லை. அது தேய்த்த இரும்பை நான் பார்த்திருக்கிறேன். அதைவிடச் சுத்தமான வேலையை உன் அப்பாவும் செய்ததில்லை.

முடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தேன். டோ மியா விடவில்லை. "இன்னும் ஒண்ணு எழுது," என்றார். "அது நான் சொல்றது. அப்படியே எழுது." அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் தமிழில் எழுதுகிறேன்:

"என் மகன் பேரச் சொல்லிச் சாகறதுக்கு உனக்கு உரிமை இல்ல. நான் கொடுக்கல. அந்தக் குழியிலேர்ந்து வெளிய வா."

எழுதிவிட்டேன். படித்துக் காட்டினேன். தலையசைத்தார். கையெழுத்துப் போடச் சொல்கிறார். பெயர் போடக் கூடாது, பிள்ளைக்கு ஆபத்து என்று சொன்னேன்.

"அப்ப அம்மான்னு மட்டும் போடு," என்றார்.

அம்மா